இடைகழியும் ஒற்றைக் கதவும்: தமிழகப் புதுமனை அமைப்பின் வரலாறு

ஒரு நாட்டு மக்களின் வாழ்வியலை ஆராயப் புகுவார் இலக்கியத்தையும் கல்வெட்டையும் நாணயத்தையும் சான்றாகக் கொள்வர். மக்கள் குடியிருந்த மனையைச் சான்றாகக் கொள்வார் சிலரே. இதற்குக் காரணம் உண்டு. கோயில்கள் கல்லால் எழுந்தமையின் நிலைத்து நின்றன. மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் ஆகிய மனைகளோ சில தலைமுறைக்குள் அழிந்தொழிய, அவை நின்ற இடத்தில் வேறு மனைகள் எழுந்தன. ஆயினும், அவ்வக்காலத்து மக்கள் யாரை உள்ளே அழைத்தனர், யாரை வாயிலில் நிறுத்தினர், வீட்டினுள் யாருக்கு எவ்விடத்தை அளித்தனர் என்பனவற்றை அவர்கள் புதிதாகக் கட்டிய மனை காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டுவதில்லை.

கடந்த 150 ஆண்டுகளில் தமிழகத்தில் எழுந்த புதுமனைகளின் அமைப்பு மாறி வந்த வரலாற்றினை இக்கட்டுரையில் ஆராய்வோம். கட்டடப் பொருள்களும் அணிநலன்களும் மாறியதைப் பலரும் கூறியுள்ளனர். யாம் கூற விழைவது பிறிதொன்று. மனைக்கு இருவகை எல்லைகள் உண்டு. தெருவையும் மனையையும் பிரிப்பது வெளியெல்லை. மனைக்குள் ஆடவர், மகளிர், மூத்தோர், ஏவலர் ஆகியோர் இடங்களைப் பிரிப்பது உள்ளெல்லை. பழைய மனையில் வெளியெல்லை நெகிழ்ச்சியும் உள்ளெல்லை இறுக்கமும் உடையனவாக இருந்தன. இக்காலப் புதுமனையில் வெளியெல்லை இறுகிற்று, உள்ளெல்லை நெகிழ்ந்தது. புதுமனை வரலாற்றின் உயிர்நிலை இவ்விடமாற்றமே என்பது எம் கருத்து.

1. இலக்கியம் காட்டும் மனை

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களைக் கூறுமிடத்து, நெடிய படிகளையும் திண்ணையையும் கட்டுகளையும் வாயிலையும் இடைகழியையும் அடுத்தடுத்துச் சொல்லிச் செல்கிறது. இந்நிரல், தெருவினின்று உட்செல்வான் ஒருவன் கடந்து போகும் பகுதிகளை நினைவூட்டுகிறது. தெரு முடிந்தவுடன் வீடு தொடங்கிவிடுவதில்லை. தெருவும் அன்று, வீடும் அன்று எனத்தக்க பகுதிகள் சில இடையே உள்ளன. இடைகழி என்னும் பெயரே இதனை உணர்த்தும். தஞ்சைப் பகுதியில் வழங்கும் ரேழி என்னும் சொல் இடைகழி என்பதன் திரிபாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விடைப் பகுதியின் பயனை வைணவ மரபுக்கதை ஒன்று நன்கு விளக்கும். திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் பொய்கையாழ்வார் ஒரு மனையின் இடைகழியில் ஒதுங்கினார். பின்னர்ப் பூதத்தாழ்வாரும், அவர்க்குப்பின் பேயாழ்வாரும் வந்தனர். ஒருவர் கிடக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் போதுமான இடம் அது. நான்காமவராகத் திருமாலே வந்து அவர்களை நெருக்கினார் என்பது அம்மரபு. கதையின் சமயப்பொருள் ஒருபுறம் நிற்க, அதன் மனைப்பொருளை நோக்குவோம். முன்பின் அறியாத வழிப்போக்கர் மூவர், வீட்டுடையாரை எழுப்பாமலே மழைக்கு ஒதுங்கத்தக்க இடம் ஒன்று மனையில் இருந்தது என்பதைக் கேட்போர் இயல்பாகக் கொண்டனர். அவ்விடம் இல்லாத மனையில் அக்கதை பிறந்திராது.

குறுந்தொகையின் 118ஆம் பாடலில் நன்னாகையார் ஒரு வழக்கத்தைக் குறிக்கிறார். மாலை கழிந்து, பலரும் புகும் வாயிலை அடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ என வினவுகின்றனர். தலைவனை எதிர்நோக்கும் தலைவியின் துயரத்தை இவ்வினா மிகுவிக்கிறது. அடைக்குமுன் வினவும் கடமை அக்கால வாயிலுக்கு இருந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

நெடுநல்வாடை, நிலவின் பயனைத் துய்த்தற்குரிய வெண்மையான முற்றத்தையும், மகரவாயாக அமைந்த அம்பணத்தின் வழியே மழைநீர் வீழும் ஒலியையும் கூறுகிறது. அது அரண்மனை எனினும், வானத்தை மனைக்குள் கொணரும் முற்றம் என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று என்பது பெறப்படும். வீட்டின் முன்னிடத்தைக் குறிக்கும் முன்றில் என்னும் சொல்லும் இவ்வகைச் சான்றே. இல்முன் என்பது முன்றில் என முன்பின்னாக மாறி நின்றது எனக் காட்டி, இதனை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் வழங்குவர். மாணவர் இச்சொல்லை இன்றும் கற்கின்றனர். அப்பொருளைக் கண்டோர் குறைந்து வருகின்றனர்.

2. செட்டிநாட்டுப் புதுமனை

பழைய ஊர்களில் வீடுகள் தெருவை ஒட்டி, பக்கச் சுவர்கள் ஒன்றோடொன்று பொருந்த வரிசையாக நின்றன. அவ்வமைப்பில் பக்கங்களில் சாளரம் திறத்தல் இயலாது. ஒளியும் காற்றும் வீட்டின் நடுவிலிருந்தே வருதல் வேண்டும். முற்றம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று; ஒட்டிய சுவர்களுக்கு இடையே வாழ்வார்க்கு அது இன்றியமையாத தேவையாக இருந்தது.

இவ்வமைப்பு அதன் உச்சத்தை எய்தியது நகரத்தார் மனைகளில் எனலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940கள் வரை, பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வட்டித்தொழிலால் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர்கள் தம் ஊர்களில் பெருமனைகளை எழுப்பினர். இன்று பழமையின் சின்னங்களாகப் போற்றப்படும் இவை, தம் காலத்தில் புதுமையே வடிவானவை. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஐரோப்பியக் கண்ணாடி, இரும்புத் தூண் ஆகியன கடல் கடந்து வந்தன. சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவைக் கலந்து மெருகேற்றிய சுவர்கள் இன்றும் பளிங்குபோல் ஒளிர்கின்றன. ஆத்தங்குடியில் கண்ணாடியின்மீது வண்ணச் சாந்தினை வார்த்துத் தரைக்கற்கள் செய்யப்பெற்றன.

பொருள்கள் இவ்வளவு புதியனவாயினும் அமைப்பு பழையதாகவே நின்றது. முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கும் மனை மறு தெருவில் முடிந்தது. வளவின் நான்கு கூரைகளிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் வீழ, அதனை அண்டாக்களில் ஏந்திக் கொண்டனர். திருமணமான புள்ளிகளுக்கு வளவைச் சூழத் தனியறை உண்டு. ஆடவர் கணக்கெழுதுவதும் வணிகரை வரவேற்பதும் முகப்பில். மகளிர் புழங்குவது பின்கட்டில். வெளியெல்லையின் நெகிழ்ச்சியும் உள்ளெல்லையின் இறுக்கமும் ஒருங்கே விளங்கும் இடம் இது.

1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியமையும், அதனையடுத்து அந்நாட்டு வணிகம் குலைந்தமையும் இம்மனைகளின் காலத்தை முடித்தன. அவற்றுள் பல பின்னர் இடிக்கப்பெற்று, தூணும் கதவும் தனித்தனியே விலைபோயின.

3. பங்களாவும் புதுநகரும்

செட்டிநாட்டில் பெருமனைகள் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே சென்னையில் வேறொரு முறை வேரூன்றியது. ஆங்கிலேயர் தமக்கென அமைத்துக்கொண்ட தோட்ட வீடு நாற்புறமும் வெளிநிலம் சூழ நடுவே நிற்பது. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் நிறைவேறியபின், மாம்பலம் ஏரிநிலத்தில் தியாகராய நகர் உருவாகியது. அத்தகைய புதுநகர்களில் தோட்ட வீட்டின் முறை நடுத்தர மக்களுக்கும் ஏற்றவாறு சுருங்கி வந்தது. மனைக்கு முன்னும் பின்னும் பக்கங்களிலும் இடைவெளி விடுதல் விதியாயிற்று.

இவ்விதியின் விளைவு பெரிது. பக்கங்களில் இடைவெளி வந்தவுடன் பக்கச் சுவர்களில் சாளரம் திறக்கலாயிற்று. ஒளியும் காற்றும் பக்கத்திலிருந்து வந்தமையின் நடுமுற்றம் தேவையற்றதாயிற்று. வேறு வகையிற் கூறின், மனைக்குள் இருந்த வெளி மனைக்குப் புறத்தே இடம்பெயர்ந்தது. வானம் பார்த்த முற்றம் கூரையால் மூடப்பெற்று, ஹால் என்னும் பெயரைப் பெற்றது. மின்விளக்கும் மின்விசிறியும் இம்மாற்றத்திற்குத் துணைநின்றன.

திண்ணைக்கும் இதுவே நேர்ந்தது. தெருவை ஒட்டியிருந்த வீடு உள்வாங்கியமையால், தெருவோரத்தில் மதிலும் இரும்புக் கதவும் எழுந்தன. திண்ணையின் இடத்தில் வராந்தாவும், வண்டி வந்து நிற்கும் போர்ட்டிகோவும் அமைந்தன. இவை திண்ணையின் வழித்தோன்றல்களே எனச் சிலர் கருதலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. திண்ணையில் அமர்வோன் வீட்டுடையானின் இசைவைக் கேளாமலே அமர்ந்தான். வராந்தாவில் அமர்வோன் மதிற்கதவைத் திறந்து, அழைப்புப் பெற்று அமர்கிறான். வடிவால் ஒத்தவை பயனால் வேறுபட்டன.

சொற்களும் இம்மாற்றத்திற்குச் சான்று பகரும். காற்றின் வழி என்னும் பொருளமைந்த காலதர் என்னும் சொல்லை நாம் இழந்தோம். போர்த்துக்கேசியரிடமிருந்து ஜன்னல் வந்தது. சாவியும் அலமாரியும் அவ்வழி வந்தனவே. வங்காளத்தின் பெயரடியாகப் பிறந்த பங்களா ஆங்கிலேயர் வழக்கால் பரவியது. வீட்டைப் பூட்டுதற்கும் பொருளைக் காத்தற்கும் உரிய சொற்கள் வெளியிலிருந்து வந்து நிலைத்த அளவிற்கு, விருந்தினரை இருத்துதற்குரிய சொற்கள் புதிதாக வரவில்லை என்பது எண்ணத்தக்கது.

4. கான்கிரீட்டுக் கூரையும் அடுக்ககமும்

முன்னர்ச் சென்னையில் தட்டைக் கூரை அமைப்போர் தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணச்சாந்தில் குத்திட்டு அடுக்கி, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணமும் பரப்பி இறுக்குவர். பிற இடங்களில் நாட்டோடு வழங்கியது. 1865இல் பேசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த சீமையோடும் பின்னர்ப் பரவியது. கான்கிரீட்டுக் கூரை இவை அனைத்தையும் மெல்ல மெல்ல விலக்கியது. 1939இல் கல்லக்குடியில் டால்மியாவின் சிமெண்டு ஆலையும், 1949இல் திருநெல்வேலித் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. கல்லக்குடிக்கு ஆலை முதலாளியின் பெயரை இட்டமையை எதிர்த்து 1953இல் நிகழ்ந்த போராட்டம் தமிழக அரசியல் வரலாற்றில் இடம்பெற்றதொன்று.

கான்கிரீட்டுத் தளம் மாடியின்மேல் மாடி எழ வழிவகுத்தது. 1947இல் அமைந்த சென்னை நகர மேம்பாட்டு அறக்கட்டளையும், அதன் தொடர்ச்சியாக 1961இல் அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் ஒரே அமைப்புடைய வீடுகளைப் பெருந்தொகையாகக் கட்டின. பின்னர்த் தனியார் அடுக்ககங்கள் பெருகின. ஒரே நிலத்தில் பலர் உரிமை கொள்ளும் இம்முறையை ஒழுங்குபடுத்த 1994இல் அடுக்கக உரிமைச் சட்டம் இயற்றப்பெற்றது.

அடுக்ககத்தில் மனையின் விலை சதுர அடியால் கணிக்கப்படுகிறது. கூரையற்ற முற்றம் ஒவ்வொரு தளத்திலும் விற்பனைக்குரிய பரப்பைக் குறைக்கும். ஆகலின் அது மறைந்தது. அல்லது குழாய்கள் இறங்கும் குறுகிய வெளியாகச் சுருங்கியது. திண்ணை, நடை, முற்றம் எனப் படிப்படியாக அமைந்திருந்த வெளியெல்லை முழுவதும் ஒற்றைக் கதவாயிற்று. அக்கதவில் வெளியே நிற்பாரை உள்ளிருந்து நோக்கும் சிறு கண்ணாடித்துளை பொருந்தியது. உள்ளே வருவார் உளரோ என வினவி அடைத்த வாயிலுக்கும், வந்தவர் யார் எனத் துளைவழி நோக்கித் திறக்கும் கதவுக்கும் இடையே உள்ள தொலைவே இவ்வரலாற்றின் நீளம் எனலாம்.

மழைநீரின் வரலாறும் இதனோடு ஒத்துச் செல்கிறது. அம்பணத்தின் வழியே முற்றத்தில் வீழ்ந்த நீரை, கான்கிரீட்டு மாடி குழாய்வழித் தெருவிற்குத் தள்ளியது. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மனையின் அமைப்பே செய்துவந்த ஒரு பணியைச் சட்டத்தால் மீட்க வேண்டியதாயிற்று.

5. இக்காலப் புதுமனையின் போக்குகள்

அண்மைக்காலத்தில் பொருள்வளம் உடையோர் கட்டும் தனிமனைகளில் பழைய உறுப்புகள் மீண்டும் தலைகாட்டுகின்றன. கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) பூச்சில்லாச் செங்கற்சுவரையும் துளைச்சுவரையும் கொண்டு எளிய மனைகளை அமைத்துக் காட்டியதும், 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்திரத்தில் பழைய வீடுகள் பெயர்த்துக் கொணர்ந்து நிறுவப்பெற்றதும் இவ்வார்வத்தைத் தூண்டின. ஆத்தங்குடிக் கற்கள், இடித்த வீடுகளின் மரத்தூண்கள், ஊஞ்சல், நடுமுற்றம் ஆகியன புதுமனைகளில் விரும்பி அமைக்கப்பெறுகின்றன.

இவற்றை வரவேற்கும்போதே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். புதிய முற்றத்தின்மேல் பெரும்பாலும் கண்ணாடிக் கூரை உள்ளது. ஒளி வருகிறது, மழையும் காற்றும் வருவதில்லை. புதிய திண்ணை மதிலுக்கு உள்ளே உள்ளது. வழிப்போக்கன் அதனைக் காணவும் இயலாது. முன்றில் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. உறுப்பு மீண்டது, அதன் தொழில் மீளவில்லை.

ஆனால் மனையின் உள்ளே நிகழ்ந்த மாற்றம் உண்மையான மாற்றம். சமையலறை பின்கட்டினின்று முன்னே வந்தது. ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே இருந்த சுவர் பல புதுமனைகளில் நீங்கி, இடுப்பளவு மேடையாயிற்று. புகையில்லா எரிவாயு அடுப்பும், நின்று சமைக்கும் மேடையும் இதனை இயல்வித்தன. சமைப்பாரும் விருந்தினரும் ஒருவரையொருவர் நோக்கி உரையாடுகின்றனர்.

6. மறுபக்கம்

பழைய மனையை வாழ்த்தியும் புதுமனையை வைதும் இவ்வரலாற்றை முடித்துவிடுதல் எளிது, நேர்மையன்று. திண்ணை எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை. சாதியின் பெயரால் தெருவிற்குள்ளேயே விடப்பெறாதவர்க்குத் திண்ணையின் நெகிழ்ச்சியால் பயனில்லை. வேறு சிலர்க்குத் திண்ணை வரவேற்பிடம் அன்று; அதற்குமேல் வரலாகாது என்னும் வரம்பே ஆயிற்று. திண்ணைப் பள்ளியின் சிறப்பைப் பேசுவோர், அத்திண்ணையில் அமர இடம்பெறாத சிறுவரையும் எண்ணுதல் வேண்டும். மகளிர்க்குப் பின்கட்டு உரியதாயிற்று. மாதவிலக்கின்போது அதுவும் இல்லை, புறக்கடையே கிடைத்தது. கொல்லைப்புறத்து உலர்கழிப்பிடத்தைத் துப்புரவு செய்வோர் வந்து செல்லத் தனிச்சந்து விடப்பெற்ற தெருக்கள் பல. அத்தகைய கழிப்பிடம் கட்டுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. வீட்டினுள் அமைந்த நீர்க்கழிப்பறை ஒரு வசதி மட்டும் அன்று. மனையமைப்பில் வேரூன்றியிருந்த இழிவொன்றை நீக்கும் கருவியும் ஆகும்.

மேலும், முற்றமுடைய மனை நிலமுடையார்க்கே வாய்த்தது. உழைக்கும் மக்களுள் பெரும்பாலோர் ஓலைக்குடிசைகளிலேயே வாழ்ந்தனர். குடிசைகளைக் கான்கிரீட்டு வீடுகளாக மாற்றும் திட்டம் 2010இலும், 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குகளுடன் கூடிய பசுமை வீடுகள் கட்டும் திட்டம் 2011இலும் தொடங்கப்பெற்றன. தீயும் வெள்ளமும் அஞ்சி வாழ்ந்த குடும்பத்திற்கு அக்கூரை இழப்பன்று, பேறே. பல்வேறு சாதியினர் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வாழும்வண்ணம் 1997 முதல் அமைக்கப்பெற்ற சமத்துவபுரங்கள், ஊரமைப்பையே மாற்ற முனைந்த முயற்சி எனக் குறிப்பிடல் வேண்டும்.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. செட்டிநாட்டு மனை புதுப்பொருள்களை ஏற்றுப் பழைய அமைப்பைக் காத்தது. பங்களா முற்றத்தைப் புறத்தே தள்ளியது. அடுக்ககம் இடைப்பகுதிகள் அனைத்தையும் ஒற்றைக் கதவாகச் சுருக்கியது. இக்காலத் தனிமனை அவற்றின் வடிவை மட்டும் மீட்டது. இவ்வனைத்தினூடும் உள்ளெல்லைகள் தளர்ந்து, மகளிர்க்கும் உழைப்பார்க்கும் இழைத்த இழிவு ஒருசிறிது குறைந்தது. இனிவரும் மனைக்கு வேண்டுவது பழைய இடைகழியின் பரிவும், புதுமனையின் உள்நிகர்மையும் ஆகும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தேயாக வேண்டும் என்பதற்கு வரலாற்றில் சான்றில்லை. அடுக்ககத்தின் படிக்கட்டருகே எவரும் அமரத்தக்க ஒரு மேடையும், மதிலுக்கு வெளியே நிழலோடு கூடிய ஓர் இருக்கையும் பெருஞ்செலவின்றி அமையக்கூடியனவே.

தமிழ் பயில்வார்க்கு இதில் தனிக்கடமை ஒன்றும் உண்டு. அடுக்ககத்தில் பிறந்து வளரும் மாணவர் இடைகழியையும் முன்றிலையும் உரையாசிரியர் வழியாகவே அறிகின்றனர். வளவு, பட்டகசாலை, தாழ்வாரம், மாடப்பிறை, புழக்கடை போன்ற சொற்களைப் பொருளோடு அறிந்த கொத்தனாரும் தச்சரும் முதியோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். வீடுகள் இடிபடுமுன் அவற்றின் அமைப்பை வரைந்து, உறுப்புகளின் பெயர்களை வட்டாரந்தோறும் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு பழைய மனையையும் ஒரு புதுமனையையும் அளந்து, ஒவ்வோர் உறுப்பிலும் யார் இருந்தனர், யார் இருக்கப்பெறவில்லை என்பதையும் உடன்குறிப்பராயின், சங்கப்பாடல் வாயில்களின் பொருள் துலங்கும். நம் கதவுகளை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதும் அவ்வழியே புலப்படும்.